விஷுவுக்கு முந்தின வாரம்: சக்கை வேலையும் வாசிப்பும்

சித்திரை ஒன்றுக்கு முந்தின வாரத்தில் மற்ற எல்லா வேலைக்கும் நேரம் குறிப்பது சக்கைதான், அதாவது பலா. பச்சையில் வற்றல், பழுத்ததும் வரட்டி (வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறின சுளை விழுது), அந்த வரட்டியிலிருந்து, கேரளத்துச் சித்திரைத் திருநாளான விஷு அன்று பிரதமன் (பாயசம்) என்ற வரிசையை யாரும் மாற்ற முடியாது. வாசிப்புக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி வைத்தால் அது நடப்பதில்லை. சுளை பறிக்கும்போதும் உருளியில் (அகன்ற வெண்கலப் பாத்திரம்) கிளறும்போதும் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பது நடக்கிறது.

குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்து வீடுகளில் சத்தமாக வாசிக்க இன்னொரு காரணமும் உண்டு. கேரளப் பள்ளிகள் மார்ச் கடைசியில் அடைத்துவிடும். எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரையில் இருக்கும் பிள்ளைகள் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிடுவார்கள். தமிழ் பேசுவார்கள், கேட்டால் புரியும், ஆனால் வாசிக்கத் தெரிந்த எழுத்து மலையாளம். இங்கத்துப் பிள்ளைகளுக்கோ பரீட்சை முடிந்திருக்காது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே புத்தகம் போய்ச் சேர வேண்டுமானால் காது வழியாகத்தான்.

கீழே உள்ள நாள் கணக்கு விஷு ஏப்ரல் 14 அன்று வரும் ஆண்டுக்கு உரியது. சூரியன் மேஷத்தில் நுழைவது அன்றைய உதயத்துக்குப் பிறகு என்றால் கேரளத்தில் கனி காண்பது (கண் விழித்ததும் முதலில் மங்கலப் பொருள்களைப் பார்ப்பது) மறுநாள் காலையில். 2022, 2023 ஆண்டுகளில் தமிழ்ப் புத்தாண்டு 14, விஷு 15. 2024, 2025 இல் இரண்டும் ஒரே நாள். இரண்டு நாளாகப் பிரிகிற ஆண்டில் பிரதமனை எந்த நாளைக்கு வைப்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்யவில்லையென்றால் தேங்காய்ப்பால் இரண்டு தடவை பிழிய வேண்டிவரும்.

ஏப்ரல் 7

பத்துப் பன்னிரண்டு கிலோ எடையில் இரண்டு வருக்கைச் சக்கை (கெட்டிச் சுளை வகை). கூழன் (குழைந்த சுளை வகை) இந்த வேலைக்கு ஆகாது. வற்றலுக்கு அதன் சுளை வளவளப்பு, வரட்டியில் நார் மிஞ்சும். முற்றியதற்கு அடையாளம் மூன்று: முள் பரந்து தட்டையாகியிருக்கும், காம்பை ஒட்டின இலை மஞ்சளித்திருக்கும், தட்டினால் பொத்தென்ற சத்தம் வரும். டங்கென்று கேட்டால் இன்னும் ஒரு வாரம் மரத்திலேயே கிடக்கட்டும். கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். விழுந்த சக்கையில் அடிபட்ட பக்கம் பழுக்காது, அழுகும்.

இறக்கினதும் காம்புப் பக்கம் கீழே வரும்படி சாய்த்து வைத்தால் பால் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒன்றை மறுநாளே வெட்ட வேண்டும். மற்றதைச் சாக்கு போட்டு மூடி ஒரு மூலையில் வைத்தால் ஏப்ரல் வெயிலுக்கு நான்கைந்து நாளில் மணம் வரும்.

ஏப்ரல் 8: வற்றல்

வெட்டுக்கத்தி, கை, பலகை எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். பிசினை எடுப்பதும் எண்ணெய்தான், சோப்பு பிறகு. வாசிக்கிறவர் இந்த வேலைக்குள் கை வைக்கவே கூடாது. நடுவில் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆனால் சக்கைப்பால் பட்ட விரல் தொட்ட தாள் மறு தாளோடு ஒட்டும், பிரித்தால் கிழியும். நூலகப் புத்தகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஓர் உட்காரலுக்கு ஒரு வாசகர், அவ்வளவுதான்.

பத்துக் கிலோ சக்கையில் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே சுளை தேறும். கொட்டையை எறியாமல் தனியே வைக்கவும். சுளையைக் கழுவக் கூடாது; துணியால் துடைத்தால் போதும். ஈரம் இருந்தால் எண்ணெய் பொங்கும், வற்றலும் மொறுமொறுப்பாகாது. நீளவாட்டில் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரிய வேண்டும். கனம் ஒன்றுபோல் இருப்பது மெல்லிசாக இருப்பதைவிட முக்கியம். கலந்து கிடந்தால் மெல்லியது கருகும்போது தடித்தது நடுவில் வேகாமல் நிற்கும்.

அரிந்த சுளை இரண்டு கிலோவுக்குக் கனமான சீனிச்சட்டியில் (வாணலி) ஒன்றரை லிட்டர் தேங்காய் எண்ணெய். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது. ஒரு துண்டு போட்டால் உடனே மேலே மிதந்து வர வேண்டும், அதுதான் சூடு. ஒரு தடவைக்குக் கால் கிலோ. அதற்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறிப்போய்ச் சுளை எண்ணெயைக் குடிக்கும். நடுத்தரத் தீயில் ஏழெட்டு நிமிடம்.

உப்பு போடும் நேரம்தான் பலருக்கும் தவறுகிற இடம். ஐம்பது மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் கரைத்து வைக்கவும். சளசளப்பு குறைந்து, கரண்டியில் துண்டுகள் கலகலவென்று உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியதும், ஓர் ஈடுக்கு ஒரு தேக்கரண்டி, சட்டியின் ஓரமாக விட வேண்டும். எண்ணெய் குமுறி எழும். பாதிச் சட்டி வெறுமையாக இருக்க வேண்டியது இதற்காக. குமுறல் அடங்கி மறுபடி அமைதியானதும் கோரிவிடலாம். முன்னதாக விட்டால் சுளை பதத்துப் போகும். பொரித்த பிறகு உப்புத்தூள் தூவினால் அது டின்னின் அடியில்தான் சேரும்.

பழுக்கத் தொடங்கிய சக்கை என்றால் என்ன செய்தாலும் நிறம் தவிட்டு நிறம்தான். உள்ளே சர்க்கரை ஏறிவிட்டதால் வேகும் முன்பே கருகும். அதை விட்டுவிட்டுப் பழமாக்குவதே நல்லது.

இரண்டு கிலோவுக்கு எழுநூறு முதல் எண்ணூறு கிராம் வற்றல் கிடைக்கும். முற்றும் ஆறிய பிறகே டின்னில் அடைக்க வேண்டும். வெளிச்சம் படாவிட்டால் மூன்று வாரம் காறல் வராது.

ஏப்ரல் 9, 10

அடுப்பு வேலை குறைவு, வாசிப்பு கூடுதல். புத்தகம் தேர்வதில் கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டு. பேச்சு நிறைந்த கதை காதுக்கு நன்றாகப் போகும். அதிலும் நாகர்கோவில் பேச்சில் எழுதினது பாறசாலைப் பிள்ளைக்கு உடனே பிடிபடும். பத்தி முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடுகிற நடை கண்ணுக்குத்தான். டெமி அளவு (வழக்கமான நாவல் அளவு) பக்கம் ஒன்றைச் சத்தமாக வாசிக்க இரண்டரையிலிருந்து மூன்று நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு இருபது பக்கம் என்று கணக்கு வைத்து அத்தியாயத்தைத் தேர்ந்தால் நடுவில் தொங்காது. பசை வைத்து ஒட்டின அட்டைக் கட்டு விரிந்து நிற்காது. பக்கத்துக்கு ஒரு துணி கிளிப் மாட்டிச் சரிவான பலகையில் வைத்தால் கை ஓயும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள் இந்த மண்ணுக்கே உரியவை. 1876 இல் பிறந்தவர், ஊர் சுசீந்திரம் பக்கத்துத் தேரூர். ஓசை தன்னால் இழுத்துக்கொண்டு போவதால் எழுத்து தெரியாத பிள்ளை இரண்டாம் தடவையில் கூடச் சொல்லத் தொடங்கும்.

கொட்டை வேலை சுருக்கம்தான். வெள்ளைத் தோலை உரித்து, தவிட்டு நிறத் தோலைக் கத்தியால் சுரண்டி, நெடுக வெட்டி, கால் கிலோவுக்கு ஒரு பச்சை மாங்காய், ஒரு முருங்கைக்காய், அரைமூடித் தேங்காய் என்று கறி வைக்கலாம். மாங்காயைக் கொட்டை வெந்த பிறகே போட வேண்டும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் கொட்டை கல்லாகவே கிடக்கும்.

ஏப்ரல் 11: வரட்டி

மூடி வைத்த சக்கை மணம் வந்து, அழுத்தினால் சற்றே உள்வாங்கும் நிலை. கொட்டை நீக்கிய சுளை இரண்டு கிலோ, சர்க்கரை (மண்டை வெல்லம்) ஒன்றேகால் கிலோ, நெய் இருநூறு கிராம், சுக்குத்தூள் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் பத்து. பழம் மிகவும் தித்திப்பாக இருந்தால் சர்க்கரை ஒரு கிலோ போதும். அதற்குக் கீழே போனால் ருசிக்கு ஒன்றுமில்லை, இருப்புதான் கெடும்.

சுளையைச் சின்னதாக அரிந்து ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில். ஆறினதும் அரைக்கவும். சர்க்கரையை முதலிலேயே சேர்த்து வேகவைக்கக் கூடாது, சுளை இறுகிப்போய்ப் பிறகு அரையாது. சர்க்கரையைத் தனியே ஒரு டம்ளர் நீரில் உருக்கி வடிகட்டினால் அடியில் நிற்கும் மண்ணைப் பார்த்த பிறகு யாரும் வடிகட்டாமல் விடமாட்டார்கள்.

வெண்கல உருளியில் விழுதை மட்டும் முதலில் கால் மணி நேரம் கிளறித் தண்ணீர் வற்ற வேண்டும். பிறகு பாகு. அரை மணி நேரத்தில் சேறு கொதிப்பதுபோல் குமிழி எழும்பி வெடித்துத் தெறிக்கும். பட்டால் தோல் வழன்றுவிடும். நீளக் காம்புள்ள மரத் துடுப்பு, கையில் முழங்கை வரை துணி, பிள்ளைகள் எட்டத்தில். நெய்யை மூன்று மேசைக்கரண்டி வீதம் இடைவெளி விட்டுச் சேர்க்கவும். எல்லாம் ஒரே மூச்சில் ஊற்றினால் மேலே மிதந்து கடைசியில் கக்கும், அடியில் பிடிப்பதைத் தடுக்காது.

மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒருவர் இருபது நிமிடத்துக்கு மேல் கிளறினால் தோள் தளர்ந்து அடியைத் தொடாமல் மேலே மட்டும் சுழற்றுவார். ஆள் மாற வேண்டும். வாசிப்புக்கு இதைவிட நல்ல நேரம் வாரத்தில் கிடையாது. ஆனால் முதல் ஒரு மணி நேரம்தான். விழுது இறுகத் தொடங்கினதும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். கதை பரபரப்பான இடத்தில் நிற்கும்போது துடுப்பு தானாக மெதுவாகிறது, அரை நிமிடம் போதும் அடி பிடிக்க. பிடித்த மணம் வந்தால் சுரண்டக் கூடாது. தீயை அணைத்து மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி தொடர்ந்தால் பெரும்பகுதி தப்பும்.

பதம்: துடுப்பால் நடுவே கீறினால் உருளியின் அடி தெரிந்து கோடு மூடாமல் நிற்கும். கொஞ்சம் ஆறவைத்து உள்ளங்கையில் உருட்டினால் ஒட்டாது. இதற்கு முன்பே இறக்கினால் ஈரம் மிஞ்சி இரண்டு மூன்று வாரத்தில் பூஞ்சை. சுக்கு, ஏலம் இறக்கும்போது. ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். கண்ணாடிப் பரணியில் இடைவெளி இல்லாமல் அமுக்கி, மேலே ஒரு கரண்டி உருக்கின நெய். ஈரக் கரண்டி உள்ளே போகாவிட்டால் குளிர்பெட்டியில் ஆறு மாதம் தாங்கும்.

ஏப்ரல் 13

கொன்றைப்பூவைக் காலையில் வாங்கி வைத்தால் ராத்திரிக்குள் பாதி உதிர்ந்துவிடும். தோவாளைச் சந்தைப் பூ என்றாலும் வீட்டு மரத்துப் பூ என்றாலும் சாயங்காலம், மொட்டு கூடுதலாக உள்ள கொத்தாகப் பார்த்து எடுத்து, காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணி போர்த்தி வைக்கவும். கனி உருளியில் பச்சரிசி பாதி, அதன் மேல் மஞ்சள் வெள்ளரி, மாங்காய், உடைத்த தேங்காய், வெற்றிலை பாக்கு, காசு, பொன், கோடி வேட்டி, பின்னால் கண்ணாடி, கூடவே ஒரு நூல். நூல் என்றதும் இராமாயணம்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாரம் முழுக்க வாசித்த புத்தகத்தை அதன் அடியில் வைக்க யாரும் மறுப்பதில்லை. தேங்காய் மூடியில் திரி போடுவதானால் புத்தகம் எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

புளிசேரிக்கு (மோர்க்குழம்பு போன்றது) தயிர் இன்று உறை ஊற்றினால் நாளை உச்சிக்குச் சரியான புளிப்பு.

ஏப்ரல் 14

கனி, கைநீட்டம் (பெரியவர்கள் கொடுக்கும் காசு), கோயில் எல்லாம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். அடுப்பில் முதலில் பிரதமன், ஏனென்றால் அது ஆறினால்தான் பதம் தெரியும்.

முந்நூறு கிராம் வரட்டி, பெரிய தேங்காய் இரண்டு. முதல் பால் ஒரு டம்ளர், இரண்டாம் பால் மூன்று டம்ளர். வரட்டியைக் கட்டியாகக் கொதிக்கிற பாலில் போட்டால் கரையாமல் உருண்டையாய்ச் சுற்றும். கொஞ்சம் சூடான இரண்டாம் பாலில் முதலில் குழைத்துக்கொண்டு பிறகு மீதியைச் சேர்க்க வேண்டும். நூறு கிராம் சர்க்கரைப் பாகு கூட்டிப் பதினைந்து நிமிடம் கொதி. தீயைக் குறைத்து முதல் பால் ஊற்றி, ஓரத்தில் குமிழி தட்டும்போதே இறக்கவும், கொதித்தால் திரியும். சுக்கும் வறுத்த சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல் மேலே. ஆறினால் இறுகும், ஆகவே இறக்கும்போது சற்றுத் தளர்வாக இருப்பதே சரி. பத்துப் பேருக்குப் போதும்.

மாம்பழப் புளிசேரிக்குச் சின்ன நாட்டுப் பழம் ஆறு, தோல் உரித்து முழுதாக, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, ஒரு துண்டு சர்க்கரையோடு வேக வேண்டும். அரைமூடித் தேங்காய், அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சைமிளகாய் அரைத்து ஊற்றிக் கொதித்ததும் தீயைத் தாழ்த்தி, கடைந்த தயிர் இரண்டு டம்ளர். அதன்பின் கிளறிக்கொண்டே இருந்து, நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். தாளிப்பில் வெந்தயம் சிவக்கலாம், கறுக்கக் கூடாது.

கொட்டை மிஞ்சினதை உலர்ந்த மணலில் புதைத்து வைத்தால் ஒரு மாதம் கெடாது. அடுத்த சக்கை பழுக்கும்வரை கறிக்கு அதுவே போதும். பாக்கி அத்தியாயங்களும் அதற்குத்தான்.