பிக்கப் தொட்டிக்குள் தூசியும் தண்ணீரும்: ஐந்து மாத வேலை

சனிக்கிழமை காலை மதுரையில் கிளம்பி அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் பக்கம் இருக்கும் சித்தப்பா ஊருக்குப் போவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன். தார் ரோட்டிலிருந்து இறங்கியதும் நாலு கிலோமீட்டருக்குக் கரிசல் வண்டிப்பாதை. ஆடிக்காற்றில் நமக்கு முன்னால் ஒரு டிராக்டர் போனால் போதும், அது திரும்பும்வரை எதிரே ஒன்றும் தெரியாது. வண்டி ஒரு பழைய டபுள் கேப் பிக்கப். முந்தைய ஓனர் பின்பக்கத் தொட்டிக்கு மேல் ஃபைபர் கேனப்பி பொருத்தியிருந்தார். மேலே மூடி இருக்கிறதே, உள்ளே வைத்தது பத்திரமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஜூலையில் இரண்டு மூட்டை வத்தல் ஏற்றி வந்தேன். வீட்டில் பின்கதவைத் திறந்தால் சாக்கின் மேல் சாம்பல் நிறத்தில் தூசி மெத்தை போட்டிருந்தது. விரலை வைத்தால் பள்ளம் விழுந்தது. "வத்தல் கொண்டு வந்தியா, மண்ணு கொண்டு வந்தியாடா?" என்றார் அம்மா. அன்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் தொட்டி அடைத்து வைப்பதற்காகச் செய்த பெட்டி இல்லை. மழை பெய்தால் தண்ணீர் வடிய வேண்டும், பள்ளத்தில் இறங்கும்போது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முறுக்கினாலும் பின்கதவு உரசக்கூடாது. அதனால் இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். வண்டியைக் குறை சொல்லி லாபமில்லை.

ஓட்டை எங்கெங்கே என்று பார்க்க, ராத்திரி பத்து மணிக்கு மேல் தொட்டிக்குள் இரண்டு எல்.இ.டி. விளக்கை வைத்து எல்லாவற்றையும் மூடிவிட்டு, தெரு விளக்கு படாத பக்கமாக வண்டியைச் சுற்றி வந்தேன். தீபாவளி மாதிரி இருந்தது. பின்கதவின் இரண்டு பக்கமும் நீளமாக வெளிச்சக் கோடு. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கோடு. நாலு மூலையிலும் வடிகால் துளை. தொட்டியின் முன் சுவரில் தகடுகள் சேரும் மூலை இரண்டு. கேனப்பி உட்காரும் விளிம்பில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக. சாக்பீஸால் எல்லாவற்றையும் வட்டம் போட்டு வைத்தேன்.

மறுநாள் சித்தப்பாவிடம் போனில் சொன்னபோது, "வெளிச்சம் நேராப் போகும், காத்து வளைஞ்சு போகுமேப்பா" என்றார். அது சரிதானே. தட்டில் கங்கு வைத்துச் சாம்பிராணி போட்டு, தொட்டிக்குள் நடுவில் ஒரு செங்கல்லின் மேல் வைத்து மூடினேன். வெளிச்சம் காட்டாத ஆறு இடத்தில் புகை கசிந்தது. கேனப்பியின் பிரேக் லைட் வயர் நுழையும் துளை, பக்கக் கண்ணாடியின் கீழ் விளிம்பு, கேனப்பியைத் தொட்டியோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கு அடியில், இப்படி. இரண்டு சோதனையையும் செய்யுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பின்கதவு கீல் பக்கம் புகை வந்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டி தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார், அது தனிக்கதை.

தகடு சேரும் இடங்களில் ஆரம்பித்தேன், அங்கேயே முதல் தப்பும் செய்தேன். வீட்டில் பாத்ரூம் வேலைக்கு வாங்கி மீதி இருந்த சிலிகானைப் பூசினேன். வினிகர் வாசம் அடிக்கும் வகை. அது காயும்போது அசெட்டிக் அமிலம் வெளிவிடும், பெயின்ட் உரிந்த தகட்டில் பட்டால் துருவைக் கிளப்பிவிடும். ஆறு வாரத்தில் ஓரம் பிடித்து இழுத்தால் பட்டையாகக் கையோடு வந்தது, அடியில் காவி நிறத்தில் துரு. போதாக்குறைக்கு, சிலிகான் பட்ட இடத்தில் அடுத்து பெயின்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. பிளேடால் சுரண்டி, எமரி போட்டு, துருவை எடுத்து, பிரைமர் அடித்து முடிக்க ஒரு முழு ஞாயிறு போனது. அப்புறம் பாடி வேலை செய்கிறவர்கள் போடும் பாலியூரித்தேன் சீலன்ட் இரண்டு டியூப் வாங்கினேன். அது காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழம்தான். தடிமனாக அப்பிவிட்டு மறுநாளே வண்டியை எடுக்கக்கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் தடவினால் வழவழவென்று வரும்.

அடுத்தது பின்கதவு. வேலையின் பாதி இங்கேதான். கடையில் ஜன்னலுக்கு ஒட்டும் மலிவான ஃபோம் பட்டை வாங்கி ஒட்டிப் பார்த்தேன். ஒரு மழையில் ஸ்பான்ஞ் மாதிரி தண்ணீரைக் குடித்து, மூன்று நாள் காயவே இல்லை. கார் கதவுக்குப் போடுகிற மாதிரி உள்ளே குழலாக இருக்கும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பீடிங்தான் சரி, வெயிலுக்கும் தாங்கும். ஆனால் எந்த அளவு? இடைவெளி எவ்வளவு என்று கதவு மூடியிருக்கும்போது எப்படி அளப்பது?

இதற்கு அம்மா பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவு உதவியது. மாவை எலுமிச்சை அளவு உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, தொட்டி விளிம்பில் ஏழு இடத்தில் வைத்துப் பின்கதவை மூடித் திறந்தேன். நசுங்கி நின்ற தடிமனை வெர்னியரில் அளந்தால், பக்கவாட்டில் 9 மில்லிமீட்டர், மேல் முனையில் 7. அடியில் இடது ஓரம் 11, வலது ஓரம் 14. அதாவது கதவே கோணலாகத் தொங்குகிறது. கீல் போல்ட்டைத் தளர்த்தி, மெக்கானிக் தம்பி ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க, இரண்டு பக்கமும் 12-க்குக் கொண்டுவந்தோம். "பீடிங் மாத்துறதுக்கு முன்னாடி கதவைப் பாக்காம விட்டிருந்தா எத்தனை ரப்பர் போட்டாலும் நிக்காதுண்ணே" என்றார். இது அளக்காமல் தெரிந்திருக்காது.

குழல் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் நன்றாக அடைக்கும். பாதிக்கு மேல் போனால் சீக்கிரம் சப்பையாகிவிடும், தாழ்ப்பாளும் விழாது. அந்தக் கணக்கில் பக்கத்துக்கு 14 மில்லிமீட்டர், அடிக்கு 18 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் மொத்தம் ஆறரை மீட்டர் வாங்கினேன். ஒட்டும் டேப் அதிலேயே இருந்தது. முதல் தடவை தின்னரால் துடைத்து ஒட்டிவிட்டு அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பினேன், பந்தல்குடி தாண்டுவதற்குள் ஒரு மூலை காற்றில் ஆடியது. தின்னர் சில பெயின்ட்டை இளக்கிவிடும், எண்ணெய்ப் படலத்தையும் விட்டுவிடலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, விரலால் நன்றாக அழுத்தி, மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டேன். இந்த வகை டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். மூலையில் ரப்பரை இழுத்து வளைக்கவும் கூடாது, நாளாக நாளாகச் சுருங்கி விலகும். 45 டிகிரியில் வெட்டி, வெட்டுவாயில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டுச் சேர்த்தேன்.

ஒட்டியபின் சோதிக்க ரப்பர் முழுக்க விபூதி பூசிக் கதவை மூடித் திறந்தேன். எதிர்த் தகட்டில் விபூதிக் கோடு இடையறாமல் விழுந்தால் சரி. எனக்கு இடது கீலுக்குப் பக்கத்தில் நாலு விரல் நீளம் கோடு இல்லை. அங்கே மட்டும் ரப்பருக்கு அடியில் 2 மில்லிமீட்டர் பட்டை ஒன்று கொடுத்தேன்.

வடிகால் துளைதான் யோசிக்க வைத்தது. அடைத்துவிட்டால் தூசி வராது, உள்ளே தப்பித் தவறி நுழைந்த தண்ணீரும் போகாது. சித்தப்பா டிராக்டரில் ஏர் கிளீனருக்கு அடியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் தொங்கும், பார்த்திருப்பீர்கள். சும்மா இருக்கும்போது உதடு ஒட்டியிருக்கும், உள்ளே சேரும் தூசியைக் கீழே உதிர்த்துவிடும். அதே வழியில், துளையில் அரை இஞ்ச் பி.வி.சி. துண்டு ஒன்றைச் சீலன்ட் வைத்துப் பதித்து, வெளி முனையில் பழைய சைக்கிள் டியூப் ஒரு சாண் மாட்டித் தொங்கவிட்டேன். டியூப் சப்பையாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு குவளை தண்ணீர் விட்டால் வாயைத் திறந்து விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், செலவும் இல்லை.

எல்லாம் முடித்து செப்டம்பரில் அதே வண்டிப்பாதையில் போனேன். முன்னைக்கு இது பரவாயில்லை, ஆனாலும் பின்கதவின் வலது கீழ் மூலையில் விசிறி மடித்த மாதிரி தூசி. பக்கக் கண்ணாடி விளிம்பைத் தவிர மற்ற வழியெல்லாம் அடைத்தாயிற்று, பின்னால் மிச்சம் இருந்த ஒரு சின்ன வழியில் எல்லாம் சேர்ந்து வருகிறது. இவ்வளவு நாள் நான் தூசி தானாக நுழைகிறது என்று நினைத்திருந்தேன். பின்கதவு உள்பக்கம் வரிசையாக நூல் துண்டுகளைத் தொங்கவிட்டு, போனில் வீடியோ ஓடவிட்டுப் பாதையில் ஒரு சுற்று வந்தேன். வீடியோவில் பார்த்தால் அத்தனை நூலும் உள்ளே பார்த்துப் படுத்திருந்தன. வண்டிதான் இழுக்கிறது. ஓடும்போது கேனப்பியின் பக்கத்திலும் கூரையிலும் வேகமாகப் போகும் காற்று கண்ணாடி விளிம்பு வழியாக உள்காற்றை உறிஞ்சிவிடுகிறது. போன காற்றுக்கு ஈடு பின்னாலிருந்து வருகிறது. டயர் கிளப்பிய தூசி சுழன்றுகொண்டிருப்பதும் அங்கேதான்.

தண்ணீர் ஓட்டையைத் தேடி வரும், அதற்கு அடைத்தால் போதும். தூசிக்கு அடைத்தது பாதிதான், உள்ளே நல்ல காற்றை நாமே கொடுத்துவிட வேண்டும். கேனப்பி கூரையின் முன்பக்கம் 100 மில்லிமீட்டர் துளை போட்டு, முன்னால் வாய் பார்த்த மாதிரி பி.வி.சி. எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) ஒன்றை நிறுத்தினேன். உள்ளே எண்ணெய் தடவிய ஸ்கூட்டர் ஏர் ஃபில்டர் ஸ்பான்ஞ். மழைக்கு ஒரு மூடி. கூரையில் துளை போடக் கை நடுங்கியது உண்மை. கேனப்பி உயரத்தில் தூசி குறைவு, முன்னாலிருந்து அடிக்கும் காற்று உள்ளே அழுத்தி நிற்கிறது. மறுபடி வீடியோ எடுத்தேன், நூலெல்லாம் வெளியே திரும்பிவிட்டன. நான் தனியாக இருந்தபோதும் வாய்விட்டுச் சிரித்தேன். (பின்னால் இழுக்கும் காற்றோடு சைலன்ஸர் புகையும் சேர்ந்து வரும். தொட்டியில் ஆளை உட்காரவைத்துக் கூட்டிப்போகவே போகாதீர்கள்.)

தண்ணீர்ப் பரீட்சை ஐப்பசியில். அதற்கு முன் ஹோஸ் பைப்பை கீழேயிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேலே ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எந்த ஓட்டையில் நுழைந்தது என்று தெரியாது. தொட்டி முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்தேன், ஒரு சொட்டு விழுந்தாலும் கறை காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் நிஜ மழை, அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வரை விடாமல் அடித்தது. வீட்டில் திறந்தால் தாள் முழுக்கக் காய்ந்திருந்தது, முன் இடது மூலையில் பத்து ரூபாய் நாணயம் அளவு ஒரு கறை தவிர. மேலே பார்த்தால் பிரேக் லைட் வயர். துளைக்குச் சீலன்ட் வைத்திருந்தேன், ஆனால் தண்ணீர் வயரின் மேலேயே நடந்து உள்ளே வருகிறது. வெளியே வயரைத் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினேன், தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போய்விடுகிறது.

சில்லறைச் செலவெல்லாம் சேர்த்து எனக்கு 3,600 ரூபாய், கூலி இல்லாமல். பின்கதவை மூட இப்போது இடுப்பால் ஒரு இடி கொடுக்க வேண்டியிருக்கிறது. "பஸ் கதவு மாதிரி சாத்துற" என்று அப்பா முணுமுணுக்கிறார், ரப்பர் படிந்ததும் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன். ஸ்பான்ஞ்சை நாலு தடவைக்கு ஒருமுறை கழுவுகிறேன், வாளித் தண்ணீர் கரிசல் கலங்கலாகிவிடுகிறது. பக்கக் கண்ணாடியின் விளிம்பு மட்டும் இன்னும் பாக்கி, அதற்கு எந்த அளவு பீடிங் என்று அடுத்த வாரம் மாவு உருட்டிப் பார்க்க வேண்டும்.