ஸ்கோப் சர்டிபிகேட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

ஆன்லைனில் துணிக்கடை போட, கடைப் பக்கம், பேமென்ட் கேட்வே, கூரியர் கணக்கு எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். ஆர்கானிக் பருத்திச் சட்டையை ஆர்கானிக் என்று சொல்லி விற்பதற்கான காகிதம்தான் இரண்டரை மாதம் இழுத்தடித்தது. அதில் பாதி நாள், எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியாமலேயே போனது.

சப்ளையர் முதலில் அனுப்புவது ஸ்கோப் சர்டிபிகேட். காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிகளுக்கான உலகத் தரம்) லோகோ, முத்திரை, தேதி எல்லாம் பளிச்சென்று இருக்கும். அந்த நிறுவனம் இன்னின்ன வேலைகளைத் தரத்தின்படி செய்யத் தகுதி பெற்றது என்பதோடு அதன் கதை முடிந்தது. வந்து இறங்கிய 300 சட்டைகளைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. கிடையாது என்று அதுவே சொல்கிறது: இதை வைத்திருப்பவர் அனுப்பும் சரக்கு சான்று பெற்றது என்பதற்கு இது ஆதாரமல்ல என்ற வரி அந்தக் காகிதத்திலேயே இருக்கும். அட்வான்ஸ் கட்டிய பிறகு அதைப் படிப்பதில் பயனில்லை.

சரக்குக்கு ஆதாரம் டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட். தொழிலில் எல்லாரும் டிசி என்பார்கள். பள்ளிக்கூட டிசி மாதிரிதான்: இடம் மாறும்போது கூடவே போக வேண்டும். பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகும் வரை ஒவ்வொரு விற்பனைக்கும் ஒன்று. விற்பவர்தான் தன் சான்று நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வாங்குபவர் நேராகப் போய்க் கேட்டால் கிடைக்காது. கட்டணம் உண்டு என்பதால் சின்ன ஆர்டர் என்றால் நழுவுவார்கள். “எல்லாரும் ஸ்கோப் வச்சுத்தான் சார் விக்கிறாங்க” என்பது வாடிக்கையான பதில். மூன்றாவது முறை அழுத்திக் கேட்டபோது வந்தது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100. அது தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. சாதாரணப் பருத்தியும் அதில் தேறும். ஆர்கானிக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ‘டிசி கைக்கு வந்த பிறகே மீதி 30 சதவீதம்’ என்று எழுதிவிடுங்கள். பணம் நம் கையில் இருக்கும்வரைதான் போனை எடுப்பார்கள்.

இதைவிடப் பெரிய அடி பிரிண்டிங்கில் விழுந்தது. சான்று பெற்ற வெறும் சட்டையை வாங்கி, சான்று இல்லாத பிரிண்டரிடம் படம் அடித்தால் சான்றுச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். மை வாட்டர் பேஸ்தானே என்று வாதாடிப் பலனில்லை. பிவிசி கலந்த பிளாஸ்டிசால் மையைக் காட்ஸ் ஏற்காது என்பது உண்மைதான். ஆனால் மை சரியாக இருந்தாலும் அடித்த யூனிட்டுக்குச் சான்று வேண்டும். சரி, ‘காட்ஸ் சான்று பெற்ற துணியில் தைத்தது’ என்றாவது போடலாமா? அதுவும் கூடாது. முழுச் சட்டைக்கும் சான்று இருந்தால் பேசலாம், இல்லையென்றால் காட்ஸ் பெயரையே எடுக்கக்கூடாது. 120 சட்டைகள் லோகோ இல்லாமல்தான் போயின.

பிரிண்ட் வேண்டுமென்றால் தைக்கும் சப்ளையரிடமே, அவருடைய ஸ்கோப்பில் பிரிண்டிங் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, முடித்து வாங்குங்கள். லேபிளையும் அவரே தைக்கட்டும். லேபிளில் நான்கு விஷயம் வேண்டும்: லோகோ, தரப்பிரிவு, சான்று நிறுவனத்தின் பெயர், உரிம எண். ஆர்கானிக் என்று போட 95 சதவீத ஆர்கானிக் இழை தேவை. 70க்கு மேல், 95க்குக் கீழ் என்றால் ‘ஆர்கானிக் இழை கலந்து செய்தது’ என்ற பிரிவு. லேபிள் டிசைனைச் சான்று நிறுவனம் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும். முந்திக்கொண்டு அடித்த லேபிள் குப்பைக்குத்தான். கடைசி வாடிக்கையாளருக்கு மட்டும் விற்று, பேக்கிங்கையும் லேபிளையும் தொடாத கடைக்குத் தனிச் சான்று தேவையில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

சட்டையை அனுப்பும் கவர் விஷயம் சுருக்கமாக. ‘கம்போஸ்டபிள்’ என்று விற்கும் கவர்களில் பெரும்பாலானவை இஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரத்தவை. அது தொழிற்கூட உரக்குழிக்கானது, ஏறக்குறைய 58 டிகிரிச் சூட்டில் நடக்கும் வேலை. வீட்டுத் தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், படம் எடுத்து வாடிக்கையாளர் அனுப்புவார். வீட்டு உரத்துக்கென்று தனிச் சான்று உள்ள கவரைக் கேளுங்கள். மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். வெயிலும் சூடும் பட்டால் சில மாதத்திலேயே மடிப்பில் விரியத் தொடங்கும். மேலே ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் மக்காது என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெட்டியில் இன்னொரு கண்ணி. கூரியர்காரர் நிஜ எடையை மட்டுமல்ல, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்த எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் கேட்பார். 30×25×15 செ.மீ. பெட்டிக்கு அது 2.25 கிலோ; உள்ளே இருப்பது 200 கிராம் சட்டை. கூரியர் பில் 2.25க்குத்தான் வரும். அதே சட்டையை மடித்து 30×22×4இல் அடைத்தால் அரைக் கிலோ சொச்சம்.

கடைப் பக்கத்தில் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் இப்படி ஆதாரமில்லாத பொதுச் சொற்களுக்குத் தடை. எத்தனை சதவீதம், எந்தச் சான்று, என்ன எண் என்று எழுதினால் வரி நீளும், ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இரண்டாவது லாட்டின் டிசி வந்தபோது அதிலும் இன்வாய்ஸ் எண் தப்பு. எடையும் இடித்தது: 300 சட்டை, ஒன்று 180 கிராம், ஆக 54 கிலோ வர வேண்டும், போட்டிருந்தது 45. திருப்பி அனுப்பி, ஒன்பதாம் நாள் திருத்தி வந்தது. மீதி 30 சதவீதத்தை அன்று மாலைதான் அனுப்பினோம்.