ஸ்பெஷல் கியூப்

போன வாரம் சித்தி மவன் போன் பண்ணினான். சிவில் முடிச்சி சைட்ல சேந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. "அண்ணே, இங்க கியூப் போடுறதுக்குன்னே தனியா ஒரு சட்டி கலக்குதாவ, அதுல மட்டும் சிமெண்ட் கூட தட்டுதாவ, நான் என்ன செய்ய?" எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல, ஏன்னா நானும் அதே சட்டில அள்ளுனவன்தான்.

தெரியாதவங்களுக்கு சொல்லிருதேன். தளம் போடும்போது அதே கலவைய 15 சென்டிமீட்டர் அச்சுல அள்ளி வச்சி, மறுநாள் கழட்டி தண்ணிக்குள்ள போட்டு, 7 நாள்லயும் 28 நாள்லயும் மெஷின்ல வச்சி நசுக்கி பாப்போம், அந்த கட்டிதான் கியூப். எம் 20ங்கிற ரக கான்கிரீட்டுன்னா 28 நாள்ல ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும். தளத்துக்கு ஒரு கலவை, அச்சுக்கு ஒரு கலவைன்னா அந்த ரிசல்ட் எந்த கட்டடத்துக்கு?

என் முதல் சைட் மார்த்தாண்டம் பக்கம். கலவை கெட்டியா இருக்குன்னு மிக்ஸர்ல குடம் குடமா தண்ணி ஊத்துனாவ, தண்ணி கூடுனா பலம் கொறையும்னு பரீட்சைல பக்கம் பக்கமா எழுதுனவன் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன். கியூபுக்கு மட்டும் தனி சட்டி. காண்ட்ராக்டர் "மக்கா, அது பேப்பருக்குலே"ன்னு சிரிச்சாரு, ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டேன். எம் 20க்கு ரிசல்ட் 34 வந்துச்சி! அத பாத்து யாருக்காவது சந்தேகம் வரணும்ல, வரல. கட்டடம் நிக்கி, ஆளுங்க குடியிருக்காவ. பஸ்ல அந்த வழியா போனா இன்னைக்கும் என் கண்ணு பீமுல விரிசல் தேடும்.

2015ல வோக்ஸ்வேகன் கார் விஷயம் வெளிய வந்துச்சில்லா, அதுவும் இதே ஸ்பெஷல் கியூப்தான். புகை டெஸ்ட் நடக்குன்னு கார்ல உள்ள சாஃப்ட்வேருக்கே தெரியும், அப்பம் மட்டும் ஒழுங்கா ஓடும், ரோட்டுக்கு வந்தா பழையபடி. அதுல வேலை பாத்த ஜேம்ஸ் லியாங்ங்கிற இன்ஜினியருக்கு 2017ல அமெரிக்கால 40 மாசம் ஜெயில். மேல உள்ளவங்க சொன்னத செஞ்சேன்னு சொன்னா கோர்ட்டு விட்டுராது.

சித்தி மவனுக்கு எஜுகேஷன் லோன் வேற இருக்கு, தூரத்துல இருந்து நேர்மை பேச எனக்கு சுளுவு. அதனால சண்டை போடாண்டாம்னு சொன்னேன். அச்ச நீயே தூக்கிட்டு போயி தளத்துக்கு கொட்டுற கலவைல இருந்து அள்ளு, காஞ்ச பொறவு தேதியும் எந்த தளம்னும் அது மேலயே எழுது, கண்ணால பாக்காததுக்கு கையெழுத்து போடாத, தண்ணி ஊத்துனா அன்னைக்கே சீனியருக்கு மெயில் போடு, வாயால சொன்னது நாளைக்கு நிக்காது. கெட்டியா இருந்தா அட்மிக்ஸர் கேளு, தண்ணி கூட்டாமலே கலவைய இளக்குத மருந்து அது.

பேச்சிப்பாறை அணைய 1906ல முடிச்ச மிஞ்சின் துரையோட சமாதி அந்த அணை பக்கத்துலயேதான் இருக்கு, கட்டுன ஆளு ஓடிப்போகாம அங்கயே கெடக்காருன்னும் சொல்லலாம்னு நெனச்சேன், சினிமா வசனம் மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்.

நேத்து ஒரு போட்டோ அனுப்பினான். மூணு கியூப், மேல கோணல்மாணலா தேதி. கீழ, "கொத்தனார் என்கிட்ட பேச மாட்டேங்காரு"ன்னு ஒரு வரி. 7 நாள் ரிசல்ட் வெள்ளிக்கிழமை வரும், எனக்கும் இங்க இருப்பு கொள்ளல.