பெரிய பாய்ப்படகு வாங்கியாச்சா, கொஞ்சம் நில்லுங்க

சின்னப் படகு ஓட்டிப் பழகின ஆக்கள் 40 அடிப் பாய்ப்படகு வாங்கினதும் பாக்குறது கட்டிலும் குசினியும்தான், என்னைக் கேட்டா முதல்ல படகுக்கு அடியில கடல்தண்ணி வாற போற ஓட்டைகளைப் பூட்டுற வால்வு எல்லாத்தையும் திறந்து பூட்டிப் பாருங்க, ஒண்டு இறுகிக் கிடந்தாலும் கடலுக்குப் போகாதீங்க. கீல், அதான் படகுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற பாரமான பகுதி, 2 மீட்டர் வரைக்கும் தண்ணிக்குள்ள நிக்கும், அப்பிடிப் படகோட மட்டக்களப்பு முகத்துவாரத்தால உள்ளுக்கு வாற யோசினையே வேணாம், ஒலுவில் துறைமுக வாசலையே மண் மூடினது தெரியும்தானே. மாரியில வாடைக்காத்து அடிச்சா இந்தக் கரையில ஒதுங்க இடமில்ல, திருகோணமலைக்குப் போயிருங்க. நங்கூரச் சங்கிலி அணியத்துல (படகின்ட முன்பக்கத்துல) இருந்து அடிமண் வரைக்கும் உள்ள ஆழத்தைப் போல 5 மடங்காவது விடுங்க, காத்து கூடினா இன்னும். பாயைச் சுருக்குவமா எண்டு யோசிச்சா அப்பவே சுருக்குங்க, பிறகு கையால பிடிக்கேலாது. பெயின்ட் அடிக்கிறதெல்லாம் ஆறுதலாப் பாக்கலாம்.