லைட் ஏறிப்போச்சு: வேலூர் ஷெட் நாட்குறிப்பு

மே 6

2004 மாடல் ஜெர்மன் செடான், செனான் லைட் (இழை இல்லாமல் வாயுவில் மின்வில் எரியும் லைட்). புகார் ஒரே வரி: "காட்பாடி ரோட்ல எதிர்ல வர்றவன் எல்லாம் டிப் அடிக்கிறான்."

பல்பைக் குறை சொல்லும் வழக்கம் இங்கே அதிகம். முதலில் பார்க்க வேண்டியது சுவர். சாவி போட்டு லைட்டைப் போட்டால் ஒளி ஒருமுறை கீழே இறங்கி மேலே வந்து நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் அப்படி ஆடினால் லைட்டுக்குள் ஒளியை ஏற்றி இறக்கும் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கு உயிர் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தப்பாக நின்றால் அந்த லைட்டில் கோளாறு. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் பின்சக்கரத்துப் பக்கம் போய்த் தேடுங்கள்; வண்டியின் உயரத்தை அளக்கும் லெவல் சென்சார் அங்கே இருக்கிறது. இந்த வண்டியில் இரண்டும் ஏறியிருக்கிறது. போதாததற்கு, பானட்டைத் தட்டினால் இடது ஒளி நடுங்குகிறது.

ஒரு டிகிரி ஏறினாலே 50 மீட்டர் தூரத்தில் ஒளி 87 செ.மீ. உயர்ந்துவிடும். சின்னக் காரில் எதிரே வருபவரின் முகத்துக்கு அது கிட்டத்தட்டப் போதும். 2000 லூமனைத் தாண்டும் டிப் லைட்டுக்கு (தாழ்வொளிக்கு) தானியங்கி லெவலிங் (வண்டியின் சாய்வுக்கேற்ப ஒளியைத் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாடு) கட்டாயம் என்று ஐரோப்பிய விதி சொல்வது இதனால்தான்.

மே 7

லிஃப்டில் ஏற்றியாயிற்று. லெவல் சென்சார் பாடியில் இருக்கிறது. அதன் கையையும் சக்கரத்தோடு ஏறி இறங்கும் லோயர் ஆர்மையும் ஒரு சின்ன லிங்க் ராடு இணைக்கிறது. ராடின் பிளாஸ்டிக் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) கழன்று, கை கீழே தொங்குகிறது. கை தொங்கினால் பின்பக்கம் தூக்கியிருப்பதாக லைட்டைக் கட்டுப்படுத்தும் யூனிட் கணக்குப் போட்டு லைட்டை ஏற்றிவிடும்.

கையும் கெட்டியாக இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் புகுந்து தண்டு துருப்பிடித்து இறுகும். இறுகிய கையை இழுத்து இழுத்துத்தான் ராடு போகும். ராடை மட்டும் மாற்றினால் மறுபடி போகும். எண்ணெய் அடித்து இளக்கினாலும் ஒரு மழைக்காலம் தாங்காது.

சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கப்ளர் (வயர் இணைப்பான்) மாட்டியபடியே சிக்னலில் மல்டிமீட்டர் வைத்துக் கையை மெதுவாக ஆட்டினால், சுமார் 0.5லிருந்து 4.5 வோல்ட்டுக்குள் தாவாமல் ஏறி இறங்க வேண்டும். இது 2.1லிருந்து நேராக 3.4க்குக் குதிக்கிறது. சில வண்டிகளில் சிக்னல் பல்ஸாக வரும். அங்கே வண்டியின் யூனிட்டைப் படிக்கும் ஸ்கேனர்தான் வழி.

ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் கையை ஆட்டிப் பார்க்காதீர்கள். சில மாடலில் அதே சென்சார்தான் உயரத்தையும் சொல்லும். வண்டி இறங்கி ஆளை அமுக்கிவிடும்.

மே 9

புது சென்சார், புது ராடு. பழைய ராடின் நீளத்தை வெர்னியரில் ஒரு உருண்டையின் மையத்திலிருந்து மறு உருண்டையின் மையம் வரை அளந்து ஒப்பிட்டாயிற்று. சில மில்லிமீட்டர் மாறினாலும் லைட் இடம் மாறும்.

மாட்டிய பிறகும் லைட் மேலேயே. நான்கு ஸ்பிரிங்கிலும் ரப்பர் பஃபர்! ஸ்பீட் பிரேக்கருக்குப் பயந்து, வண்டியை உயர்த்தப் போட்டது. இந்த மாடலில் சென்சார் பின்னால் மட்டும். முன்பக்கம் மாறவில்லை என்பது யூனிட்டின் நம்பிக்கை. நான்கு பக்கமும் சமமாக உயர்ந்தாலும், பின்பக்கம் மட்டும் தூக்கியதாக எண்ணி லைட்டை ஏற்றும். புது உயரத்தை அதற்குச் சொல்லித்தந்தே ஆக வேண்டும்.

இடது லைட்: மோட்டார் நல்லது. ரிஃப்ளெக்டரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் சாக்கெட் உடைந்திருக்கிறது. லைட்டின் சொந்தச் சூடு போதாதென்று வேலூர் அக்னி நட்சத்திரமும் சேர்ந்தால் இருபது வருஷப் பிளாஸ்டிக் பிஸ்கெட் மாதிரி ஆகிவிடும். லைட்டின் முன்கண்ணாடியைப் பிரித்துத்தான் மாற்ற முடியும். திரும்ப மூடும்போது புட்டைல் பசையில் கஞ்சத்தனம் செய்தால் ஐப்பசி மழை உள்ளே புகும். செனான் பற்றவைக்கும் மின்சாரம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். சுவிட்சை அணைத்து, கப்ளரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

மே 10

இருட்டிய பிறகு அட்ஜஸ்ட்மெண்ட். சமதரை, டயரில் சரியான காற்று, காலி டிக்கி, டிரைவர் சீட்டில் 75 கிலோ. சுவர் 10 மீட்டரில். லைட் மேல் 1.2% (தூரத்தில் இத்தனை பங்கு ஒளி இறங்க வேண்டும்) என்று அச்சிட்டிருப்பதால், பல்பு மட்டத்திலிருந்து 12 செ.மீ. கீழே கோடு.

வரிசை மாறக்கூடாது: முதலில் ஸ்கேனரில் பேசிக் செட்டிங் (இப்போதைய உயரத்தை யூனிட்டுக்குச் சொல்லித்தருவது), அப்புறம்தான் லைட்டை ஏற்றி இறக்கும் திருகு. ஆடி, ஃபோக்ஸ்வேகன் பழைய மாடல்களில் ஸ்கேனரில் 55ஆம் யூனிட் (லைட் லெவலிங்), குரூப் 001 கொடுத்துத் திருகைச் சரிசெய்து, 002ல் சேமிப்பது. திருகை மட்டும் இறக்கினால் அன்றைக்குச் சரியாகத் தெரியும். தப்பான கணக்கு உள்ளேயே இருக்கும்.

கடைசியாக டிக்கியில் இரண்டு சிமெண்ட் மூட்டை. ஒளி மேலே போய், சில நொடியில் கோட்டுக்கு இறங்கியது. பஃபரை என்றைக்குக் கழற்றினாலும் மறுபடி பேசிக் செட்டிங் போட வேண்டும் என்று பில்லின் பின்னால் எழுதியாயிற்று.