வீரா காரின் பின் தகட்டை மாற்றிய அனுபவம்

காரின் பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரிந்தால், அடியில் தகடு ஏற்கெனவே போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தயாரிப்பான என் புரோட்டோன் வீராவில் இடது பின்விளக்குக்குக் கீழே, பம்பர் மறைக்கும் விளிம்பில் அப்படி ஒன்று வந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது கையளவு இடத்தில் தகடு பொரிந்து செதில் செதிலாக உதிர்ந்தது.

பின் தகடு என்பது இரண்டு பின்விளக்குகளுக்கும் நடுவில் தொடங்கி பூட்டின் (காரின் பின்பக்கச் சாமான் அறை) தரை வரை இறங்கும் பாகம். பூட் மூடியின் கொக்கி மாட்டுவதும் அதில்தான். பக்கச் சுவர்களோடும் தரையோடும் அது ஸ்பாட் வெல்டிங் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டுவது) புள்ளிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். பின்னால் யாராவது மோதினால் பம்பருக்கு அடுத்து அடி வாங்குவது அதுதான். எனவே அதைக் கண்ணுக்கு அழகாக்கினால் போதும் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் முதலில் போன பட்டறையில் அதைத்தான் சொன்னார்கள். துருவைச் சுரண்டிவிட்டு, ஃபைபர் துணி ஒட்டி, மேலே புட்டி தடவி பெயிண்ட் அடித்துத் தருகிறோம், மாலையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். விலையும் மலிவுதான். ஆனால் புட்டிக்கு வலு கிடையாது. ஈரத்தையும் உறிஞ்சும். அடியில் மிச்சமிருக்கும் துரு வெளியே தெரியாமல் தின்றுகொண்டே போகும். துருவை மாற்றும் அமிலத் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவை மேலோட்டமான துருவுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஓட்டை விழுந்த தகட்டுக்கு அவற்றால் பயன் இல்லை. துருவுக்குக் காப்புறுதியும் பணம் தராது. எல்லாம் நம் கைக்காசுதான்.

பிறை என்ற ஊரில் தகரவேலை செய்யும் ஓர் அண்ணனிடம் நண்பர் அனுப்பினார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, தம்பி?" என்பதுதான். கடற்காற்று, அண்ணே, வீடு கடலோரம் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். உப்புக் காற்று துருவை வேகப்படுத்தும், உண்மைதான். ஆனால் இந்தத் தகடு உள்ளிருந்து வெளியே அரித்திருக்கிறது. வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம்தான் மோசம். "அதைக் கண்டுபிடிக்காமல் புதுத் தகடு போட்டால், அதையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைப்போம்" என்றார். இவரிடமே வேலையைக் கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பூட் கம்பளத்தைத் தூக்கினோம். ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, தகடுகள் சேரும் தையல்கள் மேலும் விளக்குகளின் பின்புறமும் சாக்பீஸ் பொடியைத் தூவினார். பிறகு பின் இருக்கையைச் சாய்த்து நான் டார்ச் விளக்குடன் உள்ளே படுத்துக்கொள்ள, அவர் வெளியே நின்று குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். மேலிருந்து அடித்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து எது ஓட்டை என்று தெரியாது. பம்பர் உயரத்தில் ஒன்றும் இல்லை. பூட் ரப்பரிலும் ஒன்றும் இல்லை. இடது பின்விளக்கின் மேல் மூலைக்குத் தண்ணீர் வந்ததும், பொடியில் மெல்லிய கோடு இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பஞ்சு கெட்டியாகி வெடித்திருந்தது. அங்கே புகுந்த தண்ணீர் இரட்டைத் தகட்டின் மடிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியேற வேண்டிய சிறு துளைகளையோ சேறு அடைத்துவிட்டது. பினாங்கில் ஆண்டின் கடைசி மாதங்களில் பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள். அந்த மடிப்பு காயவே நேரம் கிடைத்திருக்காது.

அடுத்தது தகடு தேடும் படலம். 1993இல் வந்த வீராவின் தயாரிப்பு 2009இல் நின்றுவிட்டது. பழைய கார்களை வெட்டி விற்கும் கடைகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. புக்கிட் மெர்தாஜாம் பக்கம் அலைந்தபோது வீராவின் செடான், ஏரோபேக் (ஹாட்ச்பேக் வகை) இரண்டின் தகடுகளும் கலந்து கிடந்தன. இரண்டின் பின் அமைப்பும் வேறு. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. போகும்போது ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே புட்டி இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று: கடைக்காரரிடம் இணைப்பு ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி வெட்டித் தரச் சொல்லுங்கள். காஸ் தீயால் ஓரத்தை ஒட்டி வெட்டினால் தகடு வெந்து நெளிந்துவிடும். எங்கள் தவுக்கே (கடை முதலாளி) பொறுமையானவர். கிரைண்டரால் அகலமாகவே வெட்டித் தந்தார்.

வெட்டும் நாளில் முதல் வேலை பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. பின் தகட்டு வேலையில் பெட்ரோல் டாங்கி அருகிலேயே இருக்கிறது. தீப்பொறி பறக்கும் வேலைக்கு முன் அதை இறக்கி வெளியே வைத்தார். விளக்கு ஒயர்களையும் உள்ளே இழுத்துவிட்டார். பூட் திறப்பின் குறுக்களவுகளை இரண்டு மூலைகளிலிருந்தும் எடுத்துச் சுவரில் எழுதி வைத்தார். பிறகு ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தார். மேல் தகடு மட்டும் விடுபட வேண்டும், அடித்தகடு துளையாகக் கூடாது. பார்க்கவே மூச்சுப் பிடிக்கிற வேலை. உளி வைத்துத் தட்டியதும் பழைய தகடு மொத்தமாகக் கழன்று வந்தது. அடியில் பூட் தரையின் ஓரமும் இரண்டு விரல் அகலத்துக்கு அரித்திருந்தது. அதையும் வெட்டி, அதே கனத்தில் புதுத் தகரம் அடித்துப் பொருத்தினார்.

புதுத் தகட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்தியதும் வெல்டிங் தொடங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. இரண்டு பின்விளக்குகளையும் மாட்டினார், பம்பரை வைத்துப் பார்த்தார், பூட் மூடியை இறக்கி இடைவெளி இரு பக்கமும் ஒன்றுதானா என்று விரலால் தடவினார். அளவு சரியான பிறகுதான் இணைப்பு ஓரங்களில் துத்தநாக ப்ரைமர் பூசி, மிக் வெல்டிங் கருவியை (கம்பியை உருக்கி ஒட்டுவது) கையில் எடுத்தார். ஒரே இடத்தில் நீளமாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று மாறி மாறி வைத்தார். மெல்லிய தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளும் என்பதால்.

பெயிண்ட் வேலையைப் பற்றி விவரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எபாக்சி ப்ரைமர், மெலிதாகப் புட்டி, பிறகு நிறம். சொல்ல வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் நடந்தது. தையல்களில் சீலர் பூசியபோது வடிகால் துளைகளில் குச்சி செருகி வைத்தார், அவை அடைபடாமல் இருக்க. நிறம் காய்ந்தபின் நீளக் குழாய் வழியாக இரட்டைத் தகட்டின் உள்ளே மெழுகு பீய்ச்சினார். உங்கள் பட்டறையில் இதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். வெளியே தெரியாத வேலை என்பதால்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். புட்டி பூசுவதற்கு முன் வெறும் தகட்டைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விற்கும்போது வாங்குபவரிடம் காட்ட அது உதவும்.

புட்டி வேலைக்குச் சொன்ன விலையைப்போல மூன்று மடங்கு செலவானது. தகட்டின் விலை அதில் சிறு பங்குதான், மற்றதெல்லாம் கைவேலை. அக்டோபர் மழையில் கார் வெளியேதான் நின்றது. வாரம் ஒருமுறை கம்பளத்தைத் தூக்கிக் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. வலது பின்விளக்கின் பஞ்சும் அதே வயதுதான் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அது ஒழுகுவதற்கு முன்பே மாற்ற, இந்த வாரம் காரை மறுபடி பிறைக்குக் கொண்டுபோகிறேன்.