பிரிண்டர் எழுதிய விடுப்புக் கடிதம்

ஒரே மாதத்தில் எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். "டீம்ல கலகலப்பே இல்லை, ஏதாவது பண்ணுங்க" என்று மேலாளர் என்னிடம் சொன்னார். நானும் உற்சாகமாக வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு விளையாட்டு நேரம் என்று அறிவித்தேன். பலூன் ஊதுவது, நாற்காலியைச் சுற்றி ஓடுவது, வினாடி வினா, எல்லாம் உண்டு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எக்செல்லில் குறித்தும் வைத்தேன். இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் எங்களில் மூத்தவர் ஒருவர் தனியாக வந்து சொன்னார்: "சார், ஐந்து மணிக்கு விளையாட்டு முடிஞ்சதும் விட்ட வேலையை உட்கார்ந்து முடிக்க ஏழாகுது. அந்த ஒரு மணி நேரத்தை எனக்கே கொடுத்துட்டீங்கன்னா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் கேட்டது நியாயம்தான். பிரான்சில் ஒரு நிறுவனம் இந்தக் கேளிக்கையைக் கொள்கையாகவே வைத்திருந்தது. அதில் ஒட்டாத ஊழியர் ஒருவரை வேலையை விட்டும் நீக்கியது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 நவம்பரில் ஊழியர் பக்கம் தீர்ப்பானது. நல்லவேளை, என் எக்செல் அந்த அளவுக்குப் போகவில்லை.

எங்கள் அலுவலகத்தில் உண்மையான சிரிப்பு பிரிண்டரிடமிருந்து வந்தது. மாதக் கடைசியில் தவறாமல் காகிதத்தை மென்று நிற்கும் பழைய இயந்திரம் அது. ஒருநாள் காலை அதன் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "ஐயா, எனக்குக் கடுமையான அஜீரணம் காரணமாக இரண்டு நாள் விடுப்பு அளிக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." மதியத்துக்குள் கீழே பதில் வந்துவிட்டது: "மருத்துவச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது." அடுத்த நாள் ஸ்டேப்ளர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தது. நாளெல்லாம் வாய் திறக்காதவர்கள்கூட, படித்துவிட்டு ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனார்கள். எழுதியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் ஆலைத் தொழிலாளியாக வேலை செய்து, தான் கண்டதை 1959-60இல் எழுதினார். நாள் முழுக்க ஒரே வேலை. ஒருவர் தினமும் வாழைப்பழம் கொண்டுவருவார், இன்னொருவர் அதைத் திருடி "வாழைப்பழ நேரம்!" என்று கூவிவிட்டுத் தின்பார். கொண்டுவந்தவருக்கு ஒருநாளும் கிடைக்காது, ஆனாலும் மறுநாளும் கொண்டுவருவார். வெளியிலிருந்து பார்த்தால் அசட்டுத்தனம்தான். அந்த வேலையில் பைத்தியம் பிடிக்காமல் நாளை ஓட்ட அவர்களுக்கு அதுதான் வழி. எந்த அதிகாரியும் அதைத் திட்டமிடவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு காரியம் செய்தேன். சிறந்த விடுப்புக் கடிதத்துக்குப் பரிசு என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அன்றோடு கடிதங்கள் நின்றுபோயின.

அப்புறம் போட்டியையும் நிறுத்தினேன், வெள்ளிக்கிழமை விளையாட்டையும் நிறுத்தினேன். அந்த நான்கு மணியை, வேலை முடித்தவர்கள் கிளம்பலாம் என்று மாற்றினேன். பழுதான பிரிண்டருக்காக மேலாளரிடம் நான்கு முறை போய் நின்றேன். புதியது வந்தது. முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் அதன் மூடியில் ஒரு தாள்: "பொருள்: பணியில் சேருதல். எனக்கு முன்பிருந்தவர் உடல்நலம் தேறினாரா?"

நான் பார்க்காததுபோல் கடந்து போனேன்.